பாறையில் கிழங்கு, மலையில் மைனி

போன வருஷம் என் வாட்டுக்கிழங்கு முழுக்கக் கறுத்துப்போனது. மழை பெய்தது புதன்கிழமை. மழை வருகிறது என்கிற செய்தி என் போனில் வந்து நின்றது வியாழக்கிழமை. இதற்குப் பெயர் விஞ்ஞானமாம்.

வாட்டுக்கிழங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளி என்பீர்களே அதை, பிடுங்கி, தொலி உரித்து, வட்டம் வட்டமாக அரிந்து, அரைவேக்காடு வேகவைத்து, வெயிலில் உலர்த்தி வைப்போம். நன்றாகக் காய்ந்தால் ஓடு மாதிரி சத்தம் கேட்கும். பெருமழைக் காலத்தில் வெளியே கால் வைக்க முடியாத நாட்களில் அதை ஊறப்போட்டு வேகவைத்து மீன்கறி ஊற்றித் தின்னலாம். உலர்த்துகிற அந்த மூன்று நாலு நாளில் ஒரு மழை பட்டால் போதும், பூசணம் பிடித்துவிடும். பிறகு பன்றிகூட யோசித்துத்தான் தின்னும்.

உலர்த்துவதற்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில் அவ்வளவு வடிவான பாறை வேறு ஒருத்தருக்கும் இல்லை. கலியாணத்துக்கு முன்னே வீடு பார்க்க வந்த என் அப்பா, மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட அந்தப் பாறையை அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொல்வார்கள். அவர் பார்த்தது சரிதான். மாப்பிள்ளை போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பாறை அப்படியே கிடக்கிறது.

வேனல் மழை எங்களுக்குக் கிழக்கே இருந்துதான் இறங்கி வரும். முதலில் மலையடிவாரத்தில், ஒற்றசேகரமங்கலத்தில் பெய்யும். பிறகு ஆரியங்கோட்டில். அங்கே தொடங்கி முக்கால் மணிக்கூறோ ஒரு மணிக்கூறோ கழித்து எங்கள் தலையில் விழும். அதனால் மேலே இருக்கிற யாராவது "இங்க தொடங்கியாச்சு" என்று ஒரு வாக்கு சொன்னால் கீழே இருக்கிற நாங்கள் கிழங்கையும் ரப்பர் ஷீட்டையும் நல்லமிளகையும் வாரிவிடலாம். இதற்கென்றே பெண்கள் நாங்கள் முப்பது பேர் போனில் ஒரு கூட்டம் வைத்திருந்தோம். எழுத்து வேண்டாம், குரலில் சொன்னால் போதும். நான் இரண்டாம் வகுப்பு. பைபிள் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இதோ இப்படி மெள்ள மெள்ள எழுதுவேன். ஆனால் கிழங்கு நனைகிற நேரத்தில் யாரால் எழுத்துக் கூட்ட முடியும்?

மேலே ஒற்றசேகரமங்கலத்தில் இருந்து மழை சொல்கிறவள் என் மைனி, இறந்துபோன என் அண்ணன் பெண்சாதி. ஆரியங்கோட்டில் இரண்டு பேர் உண்டு, ஆனால் இரண்டும் பகல் தூக்கக்காரிகள். ஆக, மழைக்கு மைனி ஒருத்திதான்.

மைனிக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. அண்ணன் செத்த மூன்றாம் நாள் நான் ஒரு சட்டி மீன்குழம்பு வைத்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோனேன். அவள் மூடியைக்கூடத் திறக்காமல், "வேண்டாம், கொண்டு போ" என்று திருப்பிக் கையில் தந்தாள். அத்தனை பேருக்கு முன்னால். என் மீன்குழம்பை. அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவள் மழை சொல்வாள், நான் கேட்பேன். அவள் சொல்வது முப்பது பேருக்கும் பொதுவாகச் சொல்வதுதானே, எனக்கென்று சொல்வதில்லையே. அந்தக் கணக்கில் இருவருடைய மானமும் கெடாமல் இருந்தது.

இனி அந்தப் போன வருஷத்து விஷயம். போனில் நாங்கள் கூட்டம் வைத்திருந்த இடம் ஒரு பெரிய கம்பெனிக்காரனுடையது. முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு அவனுக்குப் புத்தி வந்ததோ போனதோ, வந்த செய்தியை வந்த முறையில் காட்டாமல் தனக்கு இஷ்டமான முறையில் காட்டத் தொடங்கினான். மேலே ஒரு நைட்டி விளம்பரம், அதற்குக் கீழே எவனோ ஒருவன் பூனையைக் குளிப்பாட்டுகிறான், அதற்குக் கீழே நேற்றைய மழை. அப்படித்தான் என் கிழங்கு கறுத்தது. பாறை நிறையக் கிழங்கு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள், அதுவும் தெரியும்.

இந்த வருஷம் ரப்பர் கன்று வைப்பதற்காக மேல்சரிவில் நின்ற கிழங்கு முழுவதையும் ஒரே அடியாகப் பிடுங்கவேண்டி வந்தது. எனக்கு ஒரு வருஷச் சாப்பாடு அது. மறுபடியும் கறுத்தால் சாப்பாடும் போகும், எழுபத்தாறு வயசில் என் பெயரும் போகும்.

அப்போதுதான் கிழக்கு வீட்டு நர்ஸ் ஒரு வழி சொன்னாள். வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வாகி வந்தவள், எல்லாம் தெரியும் அவளுக்கு.

"மாமி, வேற ஒரு வகை உண்டு. அதுக்கு ஒரு பெரிய முதலாளி கிடையாது. அங்கங்க சின்னச் சின்ன ஆளுங்க அவங்கவங்க கம்ப்யூட்டர்ல ஒரு வீடு மாதிரி நடத்துறாங்க. நமக்கு இஷ்டமான வீட்டுல போய்ச் சேரலாம். வந்த முறைக்குத்தான் செய்தி காட்டும். விளம்பரம் கிடையாது. அப்புறம் ஒரு வீட்டுல இருந்து அடுத்த வீட்டுக்கு..."

"மனசிலாச்சு, மனசிலாச்சு" என்றேன் நான். எனக்கு எதையும் முழுதாகச் சொல்லவேண்டிய தேவையில்லை. "சபை மாதிரி ஆக்கும். நான் எங்க சபை, நீ உங்க சபை."

அவள் வாயைத் திறந்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வையுங்கள்.

பார்க்க இரண்டு வீடு இருந்தது. ஒன்று திருவனந்தபுரத்தில் நாலைந்து இளவட்டங்கள் சேர்ந்து நடத்துவது. அதில் இல்லாத வசதி இல்லை. முகத்துக்குச் சுற்றிப் பூ வைக்கலாம், குரலைக் கிளி மாதிரி மாற்றலாம், மேகம் நகர்வதைப் படமாகக் காட்டும், தொட்டால் நட்சத்திரம் சிதறும். இன்னொன்று நெய்யாற்றின்கரைப் பக்கம் கரண்டாபீசில் வேலை பார்த்து ஓய்வான ஒருவர் தன் வீட்டில் வைத்து நடத்துவது. அதில் பேசலாம், எழுதலாம், கேட்கலாம். வேறொன்றும் கிடையாது. எங்கள் வேதக்கோயிலில் இராப்போசனத்துக்குத் தருகிற அப்பத்துண்டு மாதிரி. ருசி இல்லை, ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமை வாயில் வைத்தாலும் அதே.

எது வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். நான் பெண் பார்க்கிற அவசரத்தில் எதையும் முடிவு செய்கிறவள் இல்லை. இரண்டையும் போனில் போடச் சொன்னேன். அடுக்களைக் கதவு இரட்டைக் கதவு. இடது பலகை பூ வீட்டுக்கு, வலது பலகை கரண்டுக்காரருக்கு. காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். திறக்கவில்லை என்றால் அந்தப் பலகையில் கரியால் ஒரு கோடு. மூன்று வாரம் பார்த்தேன். இடது பலகை மழையில் நனைந்த ஆடு மாதிரி வரிவரியாக ஆகிவிட்டது. திறந்த நாளிலும் புதன்கிழமை இருந்த பட்டன் வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் இருக்கும். கேட்டால் அப்டேட்டாம். வலது பலகையில் ஒரே ஒரு கோடு. அதுவும் என் போனில் சார்ஜ் இல்லாததால் விழுந்ததென்று நர்ஸ் வாதாடினாள். கோடு கோடுதான் என்று நான் அழிக்கவில்லை.

அதோடும் விட்டேனா? ஆளைப் பார்க்கவேண்டும் என்று நர்ஸைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரண்டாபீஸ்காரர் வீட்டுக்குப் போனேன். அறுபது வயசு இருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் எங்கே என்றால், பூஜை முறியில். பலகை மேல் சாமி, சாமிக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த பெட்டி, அதில் பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் மக்கா இங்க வச்சிருக்க?"

"அக்கா, இந்த வீட்டுல ஒழுகாத முறி இது ஒண்ணுதான். பின்னே, பேரப்பிள்ளைங்க தொடவும் மாட்டாங்க."

"கரண்டு போனா?"

"பேட்டரி உண்டு. ஒரு பகல் நிக்கும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தவன், எனக்க வீட்டுக்கு வைக்காம இருப்பேனா?"

"பூ, நட்சத்திரம் அதெல்லாம் எப்ப வரும்?"

"வராது."

"கிளிக்குரல்?"

"கிளி வாங்கி வளத்துங்க அக்கா."

எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. ஆனாலும் முக்கியமான கேள்வியை விடவில்லை.

"நீ செத்தா?"

நர்ஸ் என் முழங்கையைக் கிள்ளினாள். நான் அசையவில்லை. மாப்பிள்ளையையும் பாறையையும் பார்த்தவள் நான்.

அவர் சிரித்துக்கொண்டே அடுக்களைப் பக்கம் திரும்பி, "எட்டி, இவங்க கேக்காங்க, நான் செத்தா என்ன செய்வ?" என்றார்.

அந்த அம்மா அரிவாள்மனையை விட்டு எழும்பாமலே சொன்னாள்: "முதல்ல அழுவேன். பிறவு அந்தப் பச்சை லைட்டைப் பாப்பேன். அது செவப்பா ஆனா பின்னால ஒரு பட்டன் உண்டு, அதை அமத்திப் பத்து எண்ணிட்டு விடணும். இந்த மனுசன் எத்தனை தடவை சொல்லித் தந்துட்டாரு. எனக்க பிறந்தநாள் மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது."

"இது போதும், எனக்கு இந்த வீடுதான்" என்றேன். கீழே இருந்த பெண்கள் எல்லாரும் என் பின்னால் வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் எல்லார் போனிலும் எல்லாரையும் கோர்த்துவிட்டாள்.

மைனி மட்டும் பூ வீட்டுக்குப் போனாள். நான் எங்கே போனேன் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்படியா, அப்ப எனக்கு மத்தது" என்றாளாம். அவள் முகத்தைச் சுற்றி நாலு செம்பருத்தி வைத்த படத்தை நர்ஸ் கொண்டுவந்து காட்டினாள். எழுபத்தெட்டு வயசு முகம். செம்பருத்திக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

"எடுத்துட்டுப் போ" என்றேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். அவள் அந்தச் சபை, நான் இந்தச் சபை. இனி அவள் சொல்கிற மழை எனக்கு எப்படிக் கேட்கும்? என் போனில் கிடக்கிற பூ வீட்டுக்குள் போய்க் கேட்கலாம். எவள் போவாள்? நர்ஸிடம் கேட்டிருக்கலாம். எல்லாம் தெரியும் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? அவளும் அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிழங்கு காத்திருக்குமா? ஆள் பிடித்துப் பிடுங்கி, அரிந்து, வேகவைத்து, பாறை கொள்ளாமல் பரப்பினேன். மூன்று நாள் நல்ல வெயில். போனில் எங்கள் வீடு ஒரு நொடி நிற்கவில்லை. பச்சை லைட்டு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அதில் என்ன பேச்சு? கீழே இருக்கிற நாங்கள் கீழே இருக்கிறவர்களுக்கே "இங்க வெயில்", "இங்கயும் வெயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயம்.

நாலாம் நாள் மத்தியானம் காற்று நின்றது. கிழக்கே பார்த்தேன். ரப்பர் மரங்களுக்கு மேலே வானம் ஈயப்பாத்திரம் மாதிரி இருந்தது. அது மழையா, சும்மா மூடலா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மூடல் என்றால் வாரக்கூடாது. இன்னும் ஒரு பகல் காய்ந்தால் வேலை முடிந்தது, பாதி காய்ந்ததைக் குவித்துப் போட்டால் குவியலில் வியர்த்துவிடும். மழை என்றால் வாராமல் இருக்கக்கூடாது. பாறைமேல் நின்று போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

அப்போது எனக்கு வந்ததே ஒரு கோபம். அவளுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் பட்டனை அமர்த்திக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"மைனியே! செம்பருத்தி வச்சிட்டு இருக்கியே, ஒனக்க மலையில மழை உண்டா இல்லியா? ஒரு வாய்ச்சொல்லு சொன்னா ஒனக்க பல்லு விழுந்துருமா? மிச்சம் எத்தனை பல்லு இருக்குன்னும் எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்க மீன்குழம்பைத் தின்னிருந்தா ஒனக்கு நல்ல புத்தி வந்திருக்கும். இங்க ஒரு வருஷச் சோறு பாறையில கிடக்கு, மைனி."

விட்டேன். மனசு கொஞ்சம் இளகினது. போனை முந்தியில் சொருகினேன்.

டிங் என்றது.

எடுத்துக் கேட்டால் மைனி. "எட்டி! இங்க கால் மணிக்கூறா கொட்டுது. கிழங்கை வாரு முதல்ல. ஏசுறதை வாரிட்டு ஏசு." பின்னால் தகரத்தில் மழை விழுகிற இரைச்சல்.

நான் கூப்பிட்ட கூப்பாட்டில் நாலு வீட்டுப் பெண்களும் ஓடிவந்தார்கள். ஓலைப்பாய், சாக்கு, தார்ப்பாய், ஒருத்தி தன் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையே கொண்டுவந்துவிட்டாள். வாரி, கட்டி, வீட்டை ஒட்டின சாய்ப்புக்குள் தள்ளி, கடைசிக் கூடையைத் தூக்கும்போது முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. பாறையின் தெற்கு மூலையில் ஒரு முறம் அளவுக்கு நனைந்தது. அது போகட்டும், பன்றிக்கும் ஒரு பங்கு வேண்டுமே.

மழை வலுத்தபிறகு சாய்ப்பில் சாக்குமேல் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"மைனி, நீ அந்தச் சபையில இல்லியா? எனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கேன். ஒங்க வெயில் பேச்செல்லாம் இங்க வந்துச்சு. நான் சொன்னா ஒனக்குக் கேக்காதுன்னுதானே நான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். கேக்காத ஆளுக்கு என்னத்துக்கு மழை சொல்லணும்?"

வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்பதை நர்ஸ் அன்றைக்கே சொல்ல வந்தாளாம். நான் விட்டேனா? மைனியும் விடவில்லையாம், மனசிலாச்சு மனசிலாச்சு என்றாளாம். மைனியின் போனையும் எங்களோடு கோர்த்துவைத்தவள் நர்ஸ்தான், மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேறு வேறு சபைக்காரர்கள் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? போதகர்களே நினைப்பதில்லை.

ஆனால் அது பிறகு. அந்த மத்தியானம் மழைக்குள் மைனி தொடர்ந்து பேசினாள். "எட்டி, மீன்குழம்புன்னு சொன்னியே. அன்னிக்கு நான் அந்தச் சட்டியைத் தொறக்காததுக்குக் காரணம் என்னாண்ணா..."

அவ்வளவுதான். அதோடு நின்றது. பூ வீடு விழுந்துவிட்டது. புதிதாக ஏதோ சேர்க்கிறார்களாம். ஏழு வருஷம் நான் காத்திருந்த வாக்கியம் அப்டேட்டுக்குள் போய்விட்டது. இடது பலகையில் கோடு போட்டேன். மறுநாளும் போட்டேன். கரி முறிந்தது. அண்ணன் செத்தபோதுகூட நான் அப்படி வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கவில்லை.

மூன்றாம் நாள் வீடு எழும்பியது. புதிதாகச் சேர்த்தது என்ன தெரியுமா? பூ இனிமேல் ஆடுமாம்.

"மைனி, அந்தக் காரணம்?"

"ஒருக்க சொல்லியாச்சு. ஒனக்கு வந்து சேரல்லண்ணா நான் என்ன செய்ய? செத்த வீட்டுப் பேச்சை ரெண்டாம் தடவை பேச எனக்குப் பிரியமில்ல."

"நல்ல ஒழுகாத வீட்டுல இருந்து பேசியிருக்கணும்."

"ஒனக்க வீட்டுல என்ன உண்டு? ஒரு பூ உண்டா?"

"பூ இல்ல. விழாது."

ஒரு வாரம் போனது. பிறகு நர்ஸிடம் சொல்லி அனுப்பினாள், எங்கள் வீட்டுக்கு மாற அவளுக்குச் சம்மதம், ஆனால் முறைப்படி சபை மாறும்போது தருகிற மாற்றச் சீட்டு வேண்டும், ஓடிப்போனவள் மாதிரி வரமாட்டாள் என்று. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பார்த்தால் உண்மையாகவே அப்படி ஒரு பட்டன் உண்டு! அமர்த்தினால் கோர்த்திருக்கிற ஆள்கள் எல்லாரும் கூடவே வந்துவிடுவார்கள். அங்கே பேசின பழைய பேச்சு மட்டும் வராது, அங்கேயே கிடக்கும். "ஏசினதெல்லாம் கிடக்கட்டும்" என்றாளாம் மைனி. செம்பருத்தியை விட்டதற்குத்தான் இரண்டு நாள் துக்கம்.

இப்போது ஒரு ஏற்பாடு. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மத்தியானமும் மைனி சொல்லவேண்டும். பேசாமல் இருந்தால் வெயில் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அது என் சட்டம். "நான் என்ன ஆகாசவாணியா?" என்று கேட்டாள். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அடுப்பில் புதுக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது, அப்போது வந்தது.

"மழை இல்ல. அந்தக் குழம்பு ஒங்க அண்ணன் கேட்டுக் கேட்டுத் திங்கிற குழம்பு. கடைசி மாசம் முழுக்கக் கேட்டாரு, எனக்கு வைக்கத் தெரியல்ல. நீ வச்சா மாதிரி வராது. மூடியைத் தொறந்தா அந்த மணத்துக்கு நான் அழுதுருவேன். ஒனக்க முன்னால அழ எனக்கு மனசில்ல. அதான். காத்து தெக்க இருந்து. வெயில் நல்லா உண்டு."

முப்பது பேரும் கேட்டிருப்பார்கள். நான் அடுப்பைத் தணித்தேன். எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும், அதனால் குரலை நன்றாகச் செருமிச் சரிசெய்துகொண்டுதான் பட்டனை அமர்த்தினேன்.

"சரி மைனி. ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொண்டு வாறேன். சட்டியை மட்டும் பத்திரமாத் திருப்பித் தந்திரணும். அது நல்ல சட்டி."